அகத்தி விமான நிலையம்: ஓடுதளம் நீண்டால் யாருக்கு நன்மை?

நன்னீர்ப்பொறியாளர் (இழையைத் தொடங்கியவர்)

லட்சத்தீவில் இருக்கும் ஒரே விமான நிலையம் அகத்தியில் இருக்கிறது. சென்ற வாரம் வேலை நிமித்தமாக மூன்றாவது முறை அங்கே இறங்கினேன். நண்பர்களிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். அதற்கு முன் நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கொச்சியிலிருந்து கிளம்பி ஒரு மணி நேரத்துக்கு மேல் கீழே வெறும் கடல். மைக்கறுப்பான நீலம், நடுவில் ஒரு படகுகூடக் கிடையாது. பிறகு திடீரென்று அந்த நீலத்தின் நடுவே வெளிர்பச்சை நிறத்தில் ஒரு வட்டம் தெரிகிறது. அதன் ஓரத்தில் வெள்ளை நுரைக்கோடு, உள்ளே தென்னை மரங்களோடு மெலிந்து நீண்ட ஒரு தீவு. அதன் தென்கோடி வால் போல ஒடுங்குகிறது. அந்த வால்தான் ஓடுதளம். விமானம் தாழ்ந்துகொண்டே போகும்போது இடப்பக்கச் சன்னலிலும் தண்ணீர், வலப்பக்கச் சன்னலிலும் தண்ணீர். சக்கரம் தரையைத் தொடும் கணம் வரை தரை கண்ணில் படாது. தொட்டதும் இறக்கைச் சுழலிகள் எதிர்த்திசையில் இரைகின்றன, உடம்பு முன்னால் சாய்கிறது, விமானம் நிற்கிறது. இறங்கிப் படிக்கட்டின் கீழே நின்று பார்த்தால் ஓடுதளம் முடிகிற இடத்துக்கு அப்பால் அலை உடைவது தெரியும்.

முனையம் ஒரு சிறிய பஸ் நிலையம் அளவுதான். விமானம் வரும் நேரத்துக்கு முன்னும் பின்னும் ஓரிரு மணி நேரம் மட்டும் அது விழித்திருக்கும். பெட்டிகளை உந்துவண்டியில் கொண்டுவந்து இறக்குவார்கள். வெளியே வந்தால் ஆட்டோக்கள் நிற்கும். தீவின் தெற்கிலிருந்து வடக்கு முனை வரை ஏழெட்டு கிலோமீட்டருக்குள் எல்லாம் அடங்கிவிடும்.

அங்கே எனக்கு வேலை, கடல்நீரிலிருந்து குடிநீர் எடுக்கும் நிலையத்தில். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய முறை அது. முதல் நிலையம் 2005இல் கவரத்தியில் வந்தது. அகத்தியிலும் மினிக்காயிலும் 2011இல். மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீரைக் காற்றழுத்தம் குறைந்த கலத்துக்குள் விட்டால் சூடாக்காமலேயே அதில் ஒரு பகுதி ஆவியாகும். ஏறக்குறைய 350 மீட்டர் ஆழத்திலிருந்து நீண்ட குழாய் வழியே ஏற்றிவரும் குளிர்ந்த நீரைக் கொண்டு அந்த ஆவியைத் தண்ணீராக்குகிறோம். நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் எடுக்கும் திட்டம்.

இந்த முறை போகும்போது பம்பின் சீல் ஒன்றை என் பெட்டியில் வைத்திருந்தேன். விமானத்தில் எடை கூடிவிட்டது என்று கொச்சியிலேயே அந்தப் பெட்டியை இறக்கிவிட்டார்கள். எனக்கு அது அகத்தியில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அடுத்த விமானத்தில் பெட்டி வந்து சேரும் வரை ஒரு பம்பை நிறுத்தி வைத்தோம். விமான நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். அந்த ஓடுதளத்தில் யார் ஓட்டினாலும் இதே சங்கடம்தான் வரும் என்று அங்கே உள்ளவர்கள் சொன்னார்கள்.

ஓடுதளத்தைத் தெற்கே நீட்ட வேண்டும், பக்கத்திலிருக்கும் ஆளில்லாத் தீவான கல்பிட்டியோடு இணைக்க வேண்டும் என்ற பேச்சு நீண்ட காலமாக இருக்கிறது. பெட்டி வராத அன்று நானும் அதைத்தான் விரும்பினேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: நீட்டத்தான் வேண்டுமா?

---

காற்றுத்திசை

ஓடுதளங்களோடு முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் பெட்டி ஏன் இறக்கப்பட்டது என்பதற்கு மட்டும் முதலில் பதில் சொல்கிறேன்.

அகத்தி ஓடுதளத்தின் நீளம் சுமார் 1,200 மீட்டர். சென்னையின் முதன்மை ஓடுதளம் அதைப் போல மூன்று மடங்கு. அகத்தி 1988 ஏப்ரலில் திறக்கப்பட்டபோது அங்கே வந்தவை 19 இருக்கை கொண்ட டோர்னியர் விமானங்கள். வாயுதூத் நிறுவனம் ஓட்டியது. அந்த விமானத்துக்கு அந்த நீளம் தாராளம். பிறகு அதைவிடப் பெரிய, சுழலியால் பறக்கும் ஏடிஆர் வகை விமானங்கள் வந்தன. ஏடிஆர் 72 முழு எடையோடு, அதாவது 23 டன்னோடு மேலெழ ஏறத்தாழ 1,300 மீட்டர் கேட்கும். அதுவும் 15 டிகிரி வெப்பநிலைக்குப் போட்ட கணக்கு. அகத்தியில் பகலில் 30 டிகிரிக்கு மேல் போகும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. இறக்கைக்கும் பிடிப்புக் குறைவு, எஞ்சினுக்கும் வலுக் குறைவு. ஆகவே எடையைக் குறைத்தாக வேண்டும்.

மேலெழும் தூரம் என்பது சக்கரம் தரையை விடும் தூரம் மட்டும் அல்ல. ஓடும்போது ஓர் எஞ்சின் நின்றுபோனால், ஒன்று மிச்சமுள்ள தூரத்துக்குள் பிரேக் போட்டு நிறுத்த முடிய வேண்டும், அல்லது ஒற்றை எஞ்சினோடு பத்திரமாக மேலே போக முடிய வேண்டும். இரண்டுக்கும் இடம் இருந்தால்தான் கிளம்பலாம். அங்கே ஓடுதளம் முடிந்தால் கடல். எந்த விமானியும் இந்தக் கணக்கில் விட்டுக்கொடுக்க மாட்டார், விட்டுக்கொடுக்கவும் கூடாது.

எரிபொருளும் இருக்கிறது. மழைத்திரை இறங்கித் தீவு தெரியாமல் போனால் பக்கத்தில் வேறு விமான நிலையம் கிடையாது. கொச்சி 459 கிலோமீட்டர். கரைக்குத் திரும்பி வரும் அளவு எரிபொருளைச் சுமந்துகொண்டேதான் போக வேண்டும். எடைக்கு ஒரு வரம்பு, அதற்குள் எரிபொருளைக் குறைக்க முடியாது. மிஞ்சுவது பயணிகளும் பெட்டிகளும். இருக்கை சிலவற்றைக் காலியாக விடுகிறார்கள், சில பெட்டிகளை இறக்குகிறார்கள்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. அகத்தி ஓடுதளத்தின் எண்கள் 04, 22. ஒரு முனை வடகிழக்கை நோக்குகிறது, மறுமுனை தென்மேற்கை. தீவு அப்படிக் கிடப்பதால் ஓடுதளமும் அப்படி அமைந்தது. நம் இரண்டு பருவக்காற்றுகளும் ஏறக்குறைய அந்தத் திசைகளிலிருந்துதான் வீசுகின்றன. எதிர்க்காற்றில் இறங்குவதும் ஏறுவதும் பாதுகாப்பு. பவளத் திட்டு பல்லாயிரம் ஆண்டுகளாக வளர்ந்த திசை விமானிக்கு உதவுகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும்.

---

தோணித்துறை

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். மாசிக் கருவாட்டு வியாபாரம் எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக நடக்கிறது. அகத்தி என்றால் இங்கே பலருக்கு அகத்திக்கீரை நினைவுக்கு வரும். எங்களுக்குச் சூரை மீன் நினைவுக்கு வரும். அந்தத் தீவுக்காரர்கள் வலை போட்டு அள்ளுவதில்லை. காயலுக்குள், அதாவது பவளத் திட்டுக்கு உட்பக்கம் இருக்கும் ஆழமற்ற கடலுக்குள், சின்ன மீனை உயிரோடு பிடித்துப் படகிலேயே தொட்டியில் வைத்துக்கொண்டு வெளிக்கடலுக்குப் போய், சூரைக் கூட்டத்தின் நடுவே அதை வீசுவார்கள். பிறகு கம்பில் கட்டிய தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்குவார்கள். அதை அவித்து, புகை போட்டு, கட்டை போல இறுகும் வரை வெயிலில் காயவைத்தால் மாசி.

விமானத்தைப் பற்றி எனக்கு ஒரு கணக்குத்தான் தெரியும். எங்கள் வாகைகுளம் விமான நிலையத்திலும் வெகுகாலம் ஏடிஆர் மட்டும்தான் வந்தது. ஓடுதளம் 1,350 மீட்டர். இப்போது அதை 3,115 மீட்டராக நீட்டி, புதிய முனையம் கட்டி, 2025 ஜூலையில் திறந்தார்கள். எங்களுக்கு அதனால் நன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் வாகைகுளத்தில் ஓடுதளத்துக்குப் பின்னால் பொட்டல் இருந்தது. அகத்தியில் என்ன இருக்கிறது? பார்தான், அதாவது பவளத் திட்டுதான் இருக்கிறது. காயலில் இரைமீன் குறைந்தால் தூண்டில் படகு கரையிலேயே நிற்க வேண்டியதுதான். பாரைப் புதைத்துவிட்டு மீனைத் தேடினால் எங்கே கிடைக்கும்?

---

விருந்தோம்பி

நான் சுற்றுலாத் துறையில் இருப்பவன். மாற்றுக் கருத்து சொல்வதற்கு மன்னிக்கவும்.

2024 ஜனவரியில் பிரதமர் அகத்திக்கும் பங்காரத்துக்கும் கவரத்திக்கும் போய் வந்த பிறகு எங்கள் தொலைபேசி ஓயவில்லை. அதே ஆண்டு மார்ச் கடைசியில் இண்டிகோ பெங்களூரிலிருந்து அகத்திக்கு விமானம் தொடங்கியது. அடுத்து ஃப்ளை91 கோவாவிலிருந்து வந்தது. அதுவரை அலையன்ஸ் ஏர் ஒன்றுதான் நம்பிக்கை. இவ்வளவு பேர் போக விரும்பும்போது 1,200 மீட்டரில் கட்டிப்போடுவது சரியா? தீவில் படித்த பிள்ளைகளுக்கு வேலை வேண்டாமா? மீனும் தேங்காயும் கயிறும் எத்தனை பேருக்குச் சோறு போடும்? பெரிய விமானம் வந்தால் கட்டணமும் குறையும், அதன் பயன் தீவுக்காரருக்கும் சேரும். மாலத்தீவு ஒரு காலத்தில் அகத்தி போலத்தான் இருந்தது.

---

பவளக்கொடி

விருந்தோம்பி ஐயா, வேலைவாய்ப்பு பற்றி நீங்கள் சொல்வது நியாயம். நான் கடலியல் படித்து லட்சத்தீவில் இரண்டு பருவம் களப்பணி செய்தவள். நீட்டிப்பைக் கடலுக்குள் இருந்து பார்த்தால் எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன்.

மாலத்தீவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் உண்டு. ஆளில்லாத தீவு ஒன்றை விடுதிக்குக் கொடுக்கலாம், இன்னொன்றில் விமான நிலையம் கட்டலாம். லட்சத்தீவில் மொத்தம் 36 தீவுகள், எல்லாம் சேர்ந்து 32 சதுர கிலோமீட்டர். மக்கள் வாழ்பவை பத்து. அகத்தி நாலு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. அதில் 2011 கணக்குப்படி ஏழாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் வாழ்கிறார்கள். ஒரு மீட்டர் நிலத்தைக்கூட அங்கே சும்மா கிடக்கிற நிலம் என்று சொல்ல முடியாது.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். பவளத்தீவில் ஆறு கிடையாது, ஏரி கிடையாது. பெய்யும் மழை மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. கிணறுகள் எல்லாம் அந்தப் படலத்திலிருந்துதான் எடுக்கின்றன. தாரும் கான்கிரீட்டும் போட்ட இடத்தில் மழை இறங்காது. ஓடுதளத்தில் விழும் மழையைத் தொட்டியில் சேர்க்கலாம். கடலுக்கு விட்டால் அது போனதுதான். சுற்றுலாப் பயணிகள் கூடினால் நன்னீர்ப்பொறியாளர் அண்ணா எடுக்கும் ஒரு லட்சம் லிட்டரில் அவர்களுக்கும் பங்கு கொடுக்க வேண்டும்.

கல்பிட்டி அகத்தியோடு ஒரே பவளத் திட்டின் மேல் இருக்கும் தீவு. இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஆழமற்ற பகுதி வழியாகக் கடல்நீர் காயலுக்குள் வந்து போகிறது. அதை அடைத்தால் காயலின் நீரோட்டம் மாறும், மணல் எங்கே சேரும் எங்கே அரிக்கும் என்பதும் மாறும். அகத்தியின் காயலில் பச்சை ஆமைகள் கூட்டமாக மேய்ந்து கடற்புல்லையே தீர்த்துவிட்ட காலம் உண்டு. புல்வெளியில் ஒதுங்கி வளரும் மீன்குஞ்சுகள் குறைந்ததால் மீனவர்களுக்கும் ஆமைகளுக்கும் மனத்தாங்கல் இருந்தது. அதாவது, காயலில் ஒன்றைத் தொட்டால் அது மீனவரின் அடுப்பு வரை போகிறது. பவளமோ 1998, 2010, 2016, 2024 என்று திரும்பத் திரும்ப வெப்பத்தில் வெளுத்துக்கொண்டிருக்கிறது. அது தலைநிமிர அவகாசம் வேண்டிய நேரம் இது.

கடைசியாக ஒன்று. 2021இல் கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் லட்சத்தீவில் கடல்மட்டம் உயர்வதைப் பற்றி எழுதியபோது, அகத்தியின் தென்முனையில் இருப்பதால் விமான நிலையம் வெள்ளத்தால் சேதமடைய மிகுந்த வாய்ப்பு உண்டு என்றார்கள். ஓடுதளம் கடல்மட்டத்திலிருந்து நாலைந்து மீட்டருக்குள்தான் இருக்கிறது. அதைக் காக்கும் கோட்டை வெளியே இருக்கும் பவளத் திட்டு. அலையின் வேகத்தை அதுதான் வாங்கிக்கொள்கிறது. அதை உடைத்து ஓடுதளத்தை நீட்டுவது, மதில் சுவரை இடித்து அந்தக் கல்லால் திண்ணை கட்டுவது போல.

---

தோணித்துறை

அம்மா, திண்ணை உவமை மனதில் தைத்துவிட்டது.

---

கொச்சிச்செவிலி

இந்த இழையைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. நாகர்கோவில்காரி நான். கொச்சியில் ஒரு மருத்துவமனையில் செவிலியாகப் பல ஆண்டுகளாக இருக்கிறேன். தீவிலிருந்து வரும் நோயாளிகளை வாரந்தோறும் பார்க்கிறேன்.

அகத்தியிலேயே மருத்துவமனை இருக்கிறது, சில தீவுகளில் நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள். இருந்தும் தலையில் அடி, இதயக் கோளாறு, சிக்கலான பிரசவம் என்றால் கரைக்கு வந்தாக வேண்டும். அவசரம் என்றால் ஹெலிகாப்டர் கொண்டுவரும். அதைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். நான் சொல்ல வந்தது திரும்பிப் போவதைப் பற்றி. அதை யாரும் பேசுவதில்லை.

சென்ற மழைக்காலத்தில் ஓர் இளம்பெண் இங்கே பிரசவித்தாள். அகத்திக்கு வடக்கே ஒரு தீவு, பெயர் வேண்டாம். குழந்தை குறைமாதம். மூன்று வாரம் கழித்து வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தார். விமானத்தில் இடம் இல்லை. கப்பலிலும் டிக்கெட் கிடைக்கவில்லை. மருத்துவமனைக்கு எதிரே ஒரு லாட்ஜில் அவளும் அவள் உம்மாவும் பதினோரு நாள் இருந்தார்கள். வேலை முடிந்து போகும்போது நான் எட்டிப் பார்ப்பேன். குழந்தையின் துணிகளைச் சன்னல் கம்பியில் காயப்போட்டிருப்பார்கள். மழையில் அவை காயவே காயாது. உம்மா மின்விசிறிக்குக் கீழே ஒவ்வொரு துணியாகக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். கடைசியில் கப்பலில்தான் இடம் கிடைத்தது. இரவெல்லாம் பயணம். தீவை அடைந்ததும் திட்டுக்கு வெளியே கப்பல் நிற்க, சிறு படகில் இறங்க வேண்டும். ஆடுகிற கப்பலின் கதவிலிருந்து ஆடுகிற படகுக்குக் குழந்தையை எப்படிக் கைமாற்றினார்கள் என்று நினைத்து அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இறங்கிவிட்டோம் என்று மறுநாள் செய்தி அனுப்பினாள்.

ஓடுதளத்தின் நீளம் எனக்குப் புரியாது. அந்தப் பதினோரு நாளில் சுற்றுலாப் பயணிகளோடு எத்தனை விமானம் போனது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

---

விருந்தோம்பி

சகோதரி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. நாங்கள் மாதக்கணக்கில் முன்கூட்டியே மொத்தமாக இருக்கைகளைப் பதிவு செய்கிறோம். அது எங்கள் தொழில். நோயாளிக்கு எப்போது திரும்ப வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே தெரியாது. இதை நான் இப்படி யோசித்ததில்லை. ஆனால் விமானம் பெரிதானால் இருக்கை கூடும், அந்தப் பெண்ணுக்கும் இடம் கிடைத்திருக்கும் என்ற என் வாதம் இன்னும் நிற்கிறது அல்லவா?

---

காற்றுத்திசை

பாதி நிற்கிறது ஐயா. பெரிய விமானம் என்று நீங்கள் நினைப்பது 180 பேர் ஏறும் ஜெட் என்றால், அதற்கு இரண்டு கிலோமீட்டர் அளவுக்காவது ஓடுதளம் வேண்டும். இரு முனைகளிலும் பாதுகாப்புக்கென்று வெற்று நிலம் வேறு விட வேண்டும். 2020 ஆகஸ்டில் கோழிக்கோட்டில் மழையில் இறங்கிய விமானம் ஓடுதளத்தைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 21 பேர் இறந்தார்கள். அந்த ஓடுதளம் அகத்தியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நீளம். நீளம் மட்டும் காப்பாற்றாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இருக்கையைக் கூட்ட வேறு வழிகள் உண்டு. ஏடிஆர் 42 என்ற சிறிய வகை அந்த நீளத்தில் அவ்வளவு எடையை விடாமல் ஏறும். அதையே நாளுக்கு இரண்டு முறை ஓட்டலாம். வெயில் ஏறுவதற்கு முன் காலையில் கிளம்பினால் கூடுதலாகச் சில பயணிகளை ஏற்றலாம். டோர்னியர் போன்ற 19 இருக்கை விமானங்கள் 800 மீட்டரில் ஏறிவிடும். அவை கான்பூரில் நம் நாட்டிலேயே தயாராகின்றன. சற்று நீளமான தீவுகளில் சிறிய ஓடுதளம் சாத்தியமா என்று பார்க்கலாம். மினிக்காயில் விமானதளம் அமைக்கும் திட்டம் பேசப்பட்டு வருகிறது.

ஓடுதளத்தை இரு முனையிலும் இருக்கும் தரைக்குள்ளேயே, காயலைத் தொடாமல், கொஞ்சம் சீர்செய்வதற்கு நான் எதிரி அல்ல. நூறு மீட்டர் கூடினாலே ஏடிஆர் 72க்கு அது பெரிய உதவி. கல்பிட்டி வரை போவது வேறு கதை.

---

பழையசென்னை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இந்தத் தீவுகள் 1956 நவம்பர் 1 வரை நம் சென்னை மாநிலத்தின் பகுதி என்பதை இங்கே எத்தனை பேர் அறிவார்கள்? ஒரு பகுதி மலபார் மாவட்டத்தோடும் அமினிதீவுகள் தென்கன்னடத்தோடும் இருந்தன. ஒன்றியப் பகுதியான பிறகும் 1964 வரை நிர்வாகம் கோழிக்கோட்டிலிருந்துதான் நடந்தது. அதாவது தீவுக்காரர் ஒரு மனு கொடுக்க வேண்டுமென்றால் பாய்மரத்திலோ கப்பலிலோ கடலைத் தாண்ட வேண்டும். அவர்களைப் பற்றிய முடிவுகளைக் கரையில் இருப்பவர்கள் எடுப்பது புதிதல்ல. இந்த இழையில் ஒரு தீவுக்காரர்கூட இன்னும் பேசவில்லை என்பதைக் கவனித்தேன்.

---

நன்னீர்ப்பொறியாளர்

பழையசென்னை ஐயா சொன்னது சுட்டது. என்னோடு நிலையத்தில் வேலை பார்க்கும் அகத்தி நண்பரிடம் நேற்று இரவு இந்த இழையை வாசித்துக் காட்டினேன். அவருக்குத் தமிழ் ஓரளவு புரியும். அவர் பேசும் தீவு மொழியான ஜெசரி எனக்கு ஓரளவு புரியும். அவர் சொன்னதை என்னால் இயன்றவரை அப்படியே எழுதுகிறேன்.

நீட்டுவதற்கு அவர் ஒரேயடியாக எதிர்ப்பில்லை. தன் வாப்பாவை மாரடைப்போடு கொச்சிக்குக் கொண்டுபோனபோது இந்த ஓடுதளம் இல்லாவிட்டால் அவர் பிழைத்திருக்க மாட்டார் என்றார். அவருடைய அச்சம் நிலத்தைப் பற்றியது. தீவில் ஏறக்குறைய எல்லாரும் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள்; வெளியார் நிலம் வாங்க முடியாது. 2021இல் வந்த வளர்ச்சி ஆணைய வரைவு விதிகள் திட்டங்களுக்காக நிலத்தை எடுக்க நிர்வாகத்துக்கு அதிகாரம் கொடுத்ததும் தீவு முழுக்க வீட்டுக்கு வீடு கலங்கியது. ஓடுதளம் நீண்டால் அதன் பின்னால் சாலை அகலும், சாலையின் பின்னால் விடுதி வரும், எங்கள் தென்னந்தோப்பு எந்த வரைபடத்தில் எந்த நிறத்தில் இருக்கிறதோ என்று கேட்டார்.

பிறகு அவர் சொன்ன ஒன்றை யாரும் இங்கே எழுதவில்லை. ஒவ்வொரு விமானத்திலும் தீவுக்காரருக்கென்று சில இருக்கைகளைக் கடைசி நாள் வரை பூட்டி வையுங்கள், அதிலும் மருத்துவமனைச் சீட்டோடு வருபவருக்கு முதலிடம் கொடுங்கள் என்றார். ஓடுதளத்தில் ஒரு பிடி மணல்கூடப் போடாமல் நாளைக் காலையே செய்யக்கூடிய காரியம் அது. கொச்சிச்செவிலி அக்கா, உங்கள் லாட்ஜ் கதையை அவர் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். அப்படி எதிரே அறை எடுத்துக் காத்திராத குடும்பம் தீவில் இல்லை என்றார்.

என் கேள்விக்கு எனக்கே இப்போது பதில் தெரிகிறது. முதலில் இருக்கை யாருக்கு என்பதைத் தீர்க்க வேண்டும். அதைத் தீர்க்காமல் ஓடுதளத்தை மூன்று கிலோமீட்டர் நீட்டினாலும் அந்தப் பெண் லாட்ஜிலேயேதான் இருப்பாள். அவளைத் தாண்டிப் பெரிய விமானம் போகும். நீளத்தைப் பற்றிப் பேச்சு வரும்போது, காயலுக்குள் கால் வைக்காத அளவே போதும் என்று சொல்வேன்.

---

விருந்தோம்பி

இருக்கை ஒதுக்கீட்டை நான் ஏற்கிறேன். எங்கள் தொழிலில் இருப்பவர்களிடமும் பேசுகிறேன். ஒரு குழுவுக்கு மொத்தமாகப் பதிவு செய்த இருக்கைகளில் நிச்சயமாகாதவற்றைக் கடைசி நேரம் வரை பிடித்து வைக்காமல் பத்து நாள் முன்பே விட்டுவிடுவது எங்கள் கையில் இருக்கிறது. நீட்டிப்பு பற்றி என் கருத்து மாறவில்லை, ஆனால் கல்பிட்டியைப் பற்றிப் பவளக்கொடி அவர்கள் சொன்னதை இனி ஒதுக்கிவிட்டுப் பேச மாட்டேன்.

---

பவளக்கொடி

நன்றி ஐயா. பத்து நாள் என்பது குறைமாதக் குழந்தையின் தாய்க்குப் பெரிய காலம். முடிந்தால் பதினைந்து நாளாக்குங்கள்.

---

கொச்சிச்செவிலி

பொறியாளர் தம்பி, அடுத்து எப்போது போகிறீர்கள்? இங்கே வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒரு சிறுவன் அகத்தியில் இருக்கிறான். அவனுக்கு எழுதிக்கொடுத்த மருந்து தீவில் தீர்ந்துவிட்டது, கப்பலுக்குக் காத்திருக்கிறார்கள். மருத்துவர் சீட்டோடு அவன் மாமா இங்கே வாங்கி வைத்திருக்கிறார். ஒரு கிலோகூட இராது.

---

நன்னீர்ப்பொறியாளர்

செவ்வாய்க்கிழமை காலை விமானம் அக்கா. திங்கள் மாலை கொச்சி வந்துவிடுவேன், அவன் மாமாவை மருத்துவமனை வாசலுக்கு வரச் சொல்லுங்கள். சீட்டும் மருந்தும் கைப்பையில் வைத்து மடியிலேயே கொண்டுபோகிறேன், பெட்டியில் போட மாட்டேன். பெட்டியை இப்போதுதான் எடை பார்த்தேன். பூட்ஸையும் இரண்டு புத்தகத்தையும் எடுத்துவிட்டேன். அவற்றுக்குக் கப்பல் போதும்.

---

கொச்சிச்செவிலி

வருவார் தம்பி. மாலை ஐந்து மணி, கிழக்கு வாசல். குளிர்பதனப் பையில் இருக்கும், அதைத் திறக்காமல் வைத்திருங்கள். அகத்தியில் இறங்கியதும் பையனின் வாப்பா ஆட்டோக்கள் நிற்கும் இடத்தில் இருப்பார்.